பாலியில் பணம் மாற்ற வழி சொல்லுங்கள்

வணக்கம். அடுத்த மாதம் அம்மா, அப்பாவோடு பாலி போகிறோம். ஏழு நாள், அதில் இரண்டு நாள் நுசா பெனிடா தீவில். போய் வந்தவர்கள் உதவ வேண்டும்.

போன முறை கூட்டா கடற்கரைப் பக்கம் ஒரு சந்துக் கடையில் டாலர் மாற்றினேன். பலகையில் மற்ற கடைகளைவிட நல்ல ரேட். லட்சம் ரூபியா தாள் இல்லை என்று எல்லாவற்றையும் இருபதாயிரமாகவே மேசைமேல் அடுக்கினார். நானும் எண்ணினேன், சரியாக இருந்தது. இன்னொரு தடவை பார்க்கிறேன் என்று வாங்கி, தட்டிச் சீராக்கித் தந்தார். அறைக்கு வந்து எண்ணினால் நான்கு லட்சம் குறைவு! தயவுசெய்து யாரும் கடைசியாக எண்ணிய கட்டைத் திரும்பக் கொடுக்காதீர்கள்.

இந்த முறை மடங்காத நூறு டாலர் தாள்களும் ஒரு ஃபாரெக்ஸ் கார்டும் (முன்பே வெளிநாட்டுப் பணம் ஏற்றிய அட்டை) எடுத்துப் போகிறேன். பெனிடாவுக்குப் படகு ஏறும் சனூரில், அந்நாட்டு மத்திய வங்கியான பேங்க் இந்தோனேசியாவின் உரிமம் உள்ள, நீங்களே மாற்றிய கடை ஏதாவது உண்டா? பெனிடாவில் ஏடிஎம்மை நம்பலாமா, இல்லை படகு ஏறும் முன்பே இரண்டு நாளுக்கான பணத்தை எடுத்துவிட வேண்டுமா? மூன்று பேருக்கு எவ்வளவு போதும்?

அப்புறம், கடலில் இறங்கும்போது பணத்தை எங்கே வைக்கிறீர்கள்? அப்பா எல்லாவற்றையும் சட்டைப் பையிலேயே வைப்பார், அதுதான் பெரிய கவலை.