கட் எல்லாம் பீட்டுலதான் விழணும்னு எந்தச் சட்டத்துல இருக்கு?

நிழல்வேட்டை:
நம்ம மன்றத்துல பக்கத்து இழையில ஒரு பையன் கேட்டிருந்தான்: "நாங்க நாலு பேர், கல்லூரி செயல்திட்டத்துக்கு ஒரு மியூசிக் வீடியோ எடுக்கணும். எதையெல்லாம் படிச்சுட்டுத் திட்டம் போடறது?" அதுக்கு நம்ம கத்தரி ஒரே வரியில தீர்ப்பு எழுதிட்டார்: "கட் எல்லாம் பீட்டுல விழணும். அதுதான் மியூசிக் வீடியோ இலக்கணம். குட்வின் சொன்னது." அதாவது ஒரு ஷாட்ல இருந்து அடுத்த ஷாட்டுக்கு மாறற இடமெல்லாம் பாட்டோட தாள அடியில விழணுமாம். பையனும் கும்பிடு போட்டுட்டுப் போயிட்டான்.

எனக்கு அது நேத்து ராத்திரியில இருந்து உறுத்திக்கிட்டே இருக்கு. மியூசிக் வீடியோ ஆராய்ச்சியாளர் ஆண்ட்ரூ குட்வின் 1992ல எழுதினதை வச்சு வகுப்புல பலகையில எழுதிப் போடற பட்டியலைத்தான் எல்லாரும் "குட்வின்"னு சொல்றோம். பாட்டு வரிக்கும் படத்துக்கும் என்ன உறவு, வரியில இருக்கறதை அப்படியே காட்டறாங்களா, அதுக்கு மேல ஏதாவது சேர்க்கறாங்களா, இல்ல சம்பந்தமே இல்லாமப் போறாங்களா, இதெல்லாம் அதுல வரும். பாடகர் முகத்துக்கு குளோஸப் போடச்சொல்லி பாட்டை வெளியிடற கம்பெனி கேக்கறதும், வேற படங்களை ஞாபகப்படுத்திக் காட்டறதும் வரும். இசைக்கும் படத்துக்கும் உறவுன்னு ஒரு வரி உண்டு. "கட் எல்லாம் பீட்டுல"ன்னு ஒரு கட்டளை எங்க இருக்கு? காட்டுங்க, நான் இந்தப் பக்கமே வரல.

கத்தரி:
வந்துட்டாருய்யா. இசைக்கும் படத்துக்கும் உறவுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அந்த உறவு எங்க நடக்குது? கட்டுல. கட் எங்க விழணும்? பீட்டுல. முடிஞ்சுது. பதினோரு வருஷமா எடிட் டேபிள்ல உக்காந்திருக்கேன், எனக்கு யாரும் பட்டியல் படிச்சுக் காட்ட வேண்டாம்.

சும்மா_வந்தவள்:
ஒரு சந்தேகம். முதல்ல மியூசிக் வீடியோன்னா எதுன்னு சொல்லிட்டு சண்டை போடலாமே? பாட்டை விக்கறதுக்கு எடுக்கற படமா, மேடை நிகழ்ச்சியைப் பதிவு பண்ணினதும் சேருமா, வெறும் வரி ஓடற வீடியோ?

நிழல்வேட்டை:
உறவு கட்டுல மட்டும்தான் நடக்குதா? இயக்குநர் மிஷெல் கோண்ட்ரி 2002ல கெமிக்கல் பிரதர்ஸ் இசைக்குழுவுக்கு எடுத்த "ஸ்டார் கிட்டார்" பாருங்க. ரயில் ஜன்னல் வழியா ஒரே காட்சி. தூண், கட்டடம், பாலம் ஒவ்வொண்ணும் ஒரு ஒலிக்கு சரியா வந்து போகும். கண்ணுக்குத் தெரியற மாதிரி ஒரு கட் கிடையாது. ஆனா தாளம் மொத்தமும் திரையில இருக்கு. 2006ல ஓகே கோ இசைக்குழு எட்டு ட்ரெட்மில்லை வச்சு ஒரே டேக்ல ஆடினாங்களே, அதுல எத்தனை கட்டு, எந்த பீட்டுல?

கத்தரி:
அதெல்லாம் விதிவிலக்கு. விதி இருந்தாத்தானே விலக்கு வரும்? பையன் கோண்ட்ரி இல்ல, செயல்திட்டம் பண்றவன். அவனுக்கு விதி வேணும்.

அப்புறம் ஒண்ணு சொல்லிடறேன். "பீட்டுல"ன்னு எழுதினது உங்களுக்கெல்லாம் புரியட்டும்னு. தொழில்ல இருக்கறவன் சரியா பீட்டுல வெட்ட மாட்டான், ரெண்டு ஃபிரேம் முன்னாடி வெட்டுவான். ஃபிரேம்னா வீடியோவுல வர்ற ஒரு தனிப் படம். புதுப் படத்தைக் கண்ணு பிடிச்சுக்க நேரம் வேணும். காதுக்கு அது தேவையில்ல. ரெண்டு ஃபிரேம் முன்னாடி.

நிழல்வேட்டை:
ஆக நேத்து சொன்னது தப்பு, இன்னிக்கு சொல்றது சரி. நாளைக்கு என்ன?

கத்தரி:
நாளைக்கும் ரெண்டு ஃபிரேம்தான்.

தனியாவர்த்தனம்:
இருபது வருஷமா மிருதங்கம் வாசிக்கறேன், கேமரா பக்கம் போனதில்ல. ஆனா "ரெண்டு ஃபிரேம்"னு டெம்போவே கேக்காம சொல்றதைப் பாத்தா சிரிப்பு வருது. நிமிஷத்துக்கு 120 பீட்டுன்னா, நொடிக்கு 24 ஃபிரேம்ல, ஒரு பீட்டுக்கு 12 ஃபிரேம். ரெண்டுன்னா ஆறுல ஒரு பங்கு, சரி, பொறுத்துக்கலாம். 180 பீட்டுக்கு ஓடற பாட்டுன்னா ஒரு பீட்டுக்கு 8 ஃபிரேம்தான். அங்க ரெண்டு ஃபிரேம்னா கால் அட்சரம், அதாவது கால் பீட்! அதை முன்னாடி போட்டா எங்க ஆளுங்க "தாளம் தப்பிடுச்சு"ன்னு எழுந்து போயிடுவாங்க.

கத்தரி:
சார், கண்ணுக்கு டெம்போ கிடையாது. கண்ணுக்கு வேண்டிய நேரம் 60 பீட்டா இருந்தாலும் 180 பீட்டா இருந்தாலும் ஒண்ணுதான். ரெண்டு ஃபிரேம். இது வாசிக்கறவங்களுக்குப் புரியாது, வெட்டறவங்களுக்குப் புரியும்.

தனியாவர்த்தனம்:
நீங்க சொல்றதுக்கு எங்ககிட்ட ஏற்கெனவே பேர் இருக்கு தம்பி. தாளம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே பாட்டை எடுத்தா அதீத எடுப்பு. புதுசா கண்டுபிடிச்ச மாதிரி பேச வேண்டாம்.

கத்தரி:
அதுக்குப் பேரு அனாகதம். என் அக்கா பாட்டு கத்துக்கிட்டவங்க, எனக்குத் தெரியும்.

தனியாவர்த்தனம்:
அனாகதம்னா தாளம் விழுந்த பிறகு எடுக்கறது. முன்னாடி எடுக்கறது அதீதம். உங்க அக்காகிட்ட இன்னொரு தடவை கேட்டுட்டு வாங்க.

கத்தரி:
வடமொழியில "அனாகதம்"னா "இன்னும் வராதது". பீட் இன்னும் வரல, அதுக்குள்ள கட் பண்ணிட்டேன். அனாகதம். தர்க்கம் எங்க பக்கம்.

தனியாவர்த்தனம்:
வராதது பாட்டுய்யா, தாளம் இல்ல! தாளம் வந்தாச்சு, பாட்டு இன்னும் வரல, அதான் அனாகதம். அகராதியை வச்சு மிருதங்கம் வாசிக்க முடியாது.

மூணாவது_செமஸ்டர்:
அண்ணா, அந்தப் பையன் நான்தான். நன்றி எல்லாருக்கும். பாட்டு 3 நிமிஷம் 40 நொடி, 120 பீட். கத்தரி அண்ணன் சொன்ன மாதிரி ஒவ்வொரு பீட்டுக்கும் ஒரு கட்டுன்னு கணக்கு போட்டேன், 440 ஷாட் வருது. எங்களுக்கு ரெண்டு நாள்தான் கேமரா தருவாங்க. ஷாட் லிஸ்ட் எப்படிப் போடறது?

நிழல்வேட்டை:
பாத்தீங்களா? 440! இதுக்குத்தான் சொன்னேன்.

கத்தரி:
தம்பி, ஒவ்வொரு பீட்டுலயும் கட் பண்ணுன்னு யாரு சொன்னா? கட் பண்ணும்போது பீட்டுல பண்ணுன்னு சொன்னேன். பீட்டுக்கு ரெண்டு ஃபிரேம் முன்னாடி. தமிழ் படிக்கத் தெரியாதவனுக்கெல்லாம் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கு.

நிழல்வேட்டை:
"கட் எல்லாம்"னு எழுதிட்டு இப்ப படிக்கத் தெரியலைன்னு சொல்றீங்க. போன வருஷம் கலர் கரெக்‌ஷன் இழையிலயும் இதே கதைதான். "முதல்ல லட் (நிறத்தை மொத்தமா மாத்தற ரெடிமேட் கோப்பு) போடு, அப்புறம் எக்ஸ்போஷர் சரி பண்ணு"ன்னு எழுதினீங்க, நாலு பேர் திருத்தினதும் "நான் அப்படிச் சொல்லல"ன்னு மழுப்பினீங்க. மறக்கல நான்.

கத்தரி:
அந்த இழையை இன்னுமா சுமந்துக்கிட்டு திரியறீங்க? அன்னிக்கு உங்க ஸ்கிரீன்ஷாட்ல முகமெல்லாம் மஞ்சக்காமாலை வந்த மாதிரி இருந்துச்சு, அதைச் சொன்னேன்னு கோபம். அது நேர்மையான விமர்சனம்.

காற்றலை:
லொகேஷன் சவுண்ட் பண்றவன் நான். கட்டை விடுங்க, முதல்ல உதட்டசைவு ஒழுங்கா வரட்டும். செட்ல பாட்டை ஒலிக்கவிட்டு வாயசைக்கச் சொல்றோம் இல்லையா, ஸ்பீக்கரை எங்க வைக்கறீங்க? ஒலி நொடிக்கு சுமார் 340 மீட்டர்தான் போகும். ஸ்பீக்கருக்கும் பாடறவருக்கும் 14 மீட்டர் இருந்தா, நொடிக்கு 24 ஃபிரேம் கணக்குல ஒரு ஃபிரேம் பின்தங்கும். 28 மீட்டர்னா கத்தரி அண்ணனோட அந்த ரெண்டு ஃபிரேமும் காத்துலயே போயிடும்.

கத்தரி:
அருமை. பின்தங்கற ரெண்டு ஃபிரேமை முன்னாடி வெட்டி ஈடு கட்டலாம். நான் சொன்னதுக்கு அறிவியல் ஆதாரமே கிடைச்சிருச்சு.

காற்றலை:
ஐயோ, ஆதாரம் இல்ல அது! உதட்டசைவை ஒத்திசைக்கறதும் கட்டும் வேற வேற. ஷாட்டோட ஒலி நகர்ந்திருந்தா ஷாட்டைத்தான் நகர்த்தணும், கட்டை முன்னாடி வச்சா வாய் தப்பாத்தான் அசையும்.

சும்மா_வந்தவள்:
அப்ப ஒரு கேள்வி. கேமரா மைக் பாடறவர் பக்கத்துலயே இருந்தா, அதுக்கும் பாட்டு தாமதமாத்தானே கேக்கும்? அந்தப் பதிவை வச்சு ஒத்திசைச்சா தாமதம் தானாவே அடிபட்டுப் போகாதா?

காற்றலை:
போகும். சரியாப் பிடிச்சீங்க. கேமரா ஸ்பீக்கர் பக்கத்துல இருந்து, ஆள் தூரத்துல நின்னு, ஜூம் பண்ணி எடுத்தாத்தான் பிரச்சினை. நாலு வருஷம் முன்னாடி ஒரு மலைச்சரிவு ஷாட்ல இதுலதான் மாட்டினேன். டேக் எல்லாம் சரி, வாய் மட்டும் யாருதோ மாதிரி.

தம்பி மூணாவது செமஸ்டர், உனக்கு: பாட்டுக்கு முன்னாடி மூணு பீப் சத்தம் ஒட்டிக்கோ, பாடறவருக்கு எங்க ஆரம்பிக்கணும்னு தெரியும். பாட்டை முழுசா ஓடவிட்டு அஞ்சாறு கோணத்துல எடுத்து வை. 440 கட் வேணும்னாலும் அதுல இருந்தே எடுக்கலாம், 440 ஷாட் எடுக்க வேண்டாம். அப்புறம் போன்ல எடுக்கறதா இருந்தா ஃபிரேம் வேகத்தை நிலையாப் பூட்டற செயலியை வச்சு எடு. போன் தன் இஷ்டத்துக்கு வேகத்தை ஏத்தி இறக்கும், பாட்டு முடியறப்ப வாய் எங்கயோ இருக்கும்.

மூணாவது_செமஸ்டர்:
ரொம்ப நன்றி அண்ணா! ஸ்லோ மோஷன்ல வாயசைக்கற மாதிரி ஒரு ஷாட் வச்சிருக்கோம், அது எப்படி?

காற்றலை:
48 ஃபிரேம்ல எடு, செட்ல பாட்டை ரெட்டை வேகத்துல ஓட்டு, அந்த வேகத்துக்கே வாயசைக்கச் சொல்லு. பிறகு 24ல ஓட்டினா வாய் பாட்டோட ஒட்டும், உடம்பும் முடியும் மட்டும் மிதக்கும். ரெட்டை வேகத்துல பாடறது சுலபமில்ல, முந்தின வாரமே பழகச் சொல்லு.

கத்தரி:
இதையும் நான்தான் முதல்ல சொல்லணும்னு நினைச்சேன். ஆனா கவனிங்க, 48ல எடுத்து 24ல ஓட்டற ஷாட்டுக்கு ரெண்டு ஃபிரேம் முன்னாடின்னா எடுத்த கணக்குல ரெண்டா, ஓட்டற கணக்குல ரெண்டா? ஓட்டற கணக்குல. இது நிறைய பேருக்குத் தெரியாது.

தனியாவர்த்தனம்:
25 ஃபிரேம்ல எடுத்தா 120 பீட்டுக்கு பன்னிரண்டரை ஃபிரேம் வருதே, அந்த அரை ஃபிரேமை எந்தக் கத்தரியால வெட்டுவீங்க?

கத்தரி:
12, 13, 12, 13ன்னு மாத்தி மாத்தி வெட்டுவேன். யாருக்கும் தெரியாது.

தனியாவர்த்தனம்:
யாருக்கும் தெரியாதுன்னா, ரெண்டு ஃபிரேம் மட்டும் எப்படித் தெரியும்?

கத்தரி:
அனாகதம் தெரிஞ்சவங்களுக்குத் தெரியும்.

தனியாவர்த்தனம்:
அதீதம்!!

நிழல்வேட்டை:
நான் கேட்டது குட்வின் எங்க சொன்னார்னு. முப்பது பதிவுக்கு மேல ஆச்சு, பதில் வரல.

கத்தரி:
குட்வின், குட்வின்னு. அவர் எடிட் பண்ணினாரா? எம்டிவின்னு பாட்டு சேனல் 1981ல வந்ததுக்கு அப்புறம்தானே இந்த ஆராய்ச்சியெல்லாம்? அதுக்கு முன்னாடி மியூசிக் வீடியோவே இல்ல.

நிழல்வேட்டை:
இல்லையா? அமெரிக்காவுல 1940கள்லயே காசு போட்டா பாட்டுப் படம் ஓடற பெட்டி இருந்துச்சு. பிரான்ஸ்ல 1960கள்ல ஸ்கோபிட்டோன்னு அதே மாதிரி பெட்டி. குயின் இசைக்குழு 1975ல "போஹீமியன் ராப்சடி"க்கு எடுத்த வீடியோவை உலகமே பாத்துச்சு. எம்டிவி 1981 ஆகஸ்ட் 1ல ஒளிபரப்பத் தொடங்கினப்ப போட ஏற்கெனவே வீடியோக்கள் இருந்துச்சே, அதெல்லாம் வானத்துல இருந்து விழுந்துச்சா?

கத்தரி:
பெட்டியில ஓடினது பாட்டுப் படம். மியூசிக் வீடியோ வேற.

சும்மா_வந்தவள்:
அதைத்தான் ரெண்டாவது தடவையா கேக்கறேன். மியூசிக் வீடியோன்னா எது?

நிழல்வேட்டை:
அவர்கிட்ட கேக்காதீங்க, ரெண்டு ஃபிரேம்னு பதில் வரும்.

மூணாவது_செமஸ்டர்:
அண்ணா, சின்ன தகவல். எங்க குழுவுல பாட்டை மாத்திட்டாங்க. புதுப் பாட்டுல தாள வாத்தியமே இல்ல, வெறும் குரலும் புல்லாங்குழலும்தான். வேகமும் சீரா இல்ல, பாடறவர் இழுத்து இழுத்துப் பாடறார். இப்ப கட் எங்க வைக்கறது?

காற்றலை:
மூச்சுல வை.

தனியாவர்த்தனம்:
அது சரியான பேச்சு. ஆலாபனைக்குத் தாளம் கிடையாது, ஆனா மூச்சு உண்டு.

கத்தரி:
மூச்சு எடுக்கறதுக்கு ரெண்டு ஃபிரேம் முன்னாடி.

நிழல்வேட்டை:
எனக்குத் தலை வலிக்குது.

கத்தரி:
வலிக்கட்டும். அந்த மஞ்சள் முக ஸ்கிரீன்ஷாட் இன்னும் என்கிட்ட இருக்கு, தேடி எடுத்துப் போடறேன். அதுல ஒரு கட்டாவது பீட்டுல இருக்கான்னு எல்லாரும் பாத்துச் சொல்லட்டும்.

நிழல்வேட்டை:
ஸ்கிரீன்ஷாட்ல எங்கய்யா கட் இருக்கும்?