புதுப்பிப்பு: அலாய் வீல்கள் மூன்று முடிந்தன

என் பழைய காரின் அலாய் வீல்களில் (அலுமினியக் கலவைச் சக்கரங்கள்) லாக்கர், அதாவது மேலே பூசியிருக்கும் நிறமற்ற பாதுகாப்புப் பூச்சு, உரிந்து, அடியில் புழு ஊர்ந்த தடம்போல வெள்ளையாக அரிப்பு ஓடியிருப்பதாகப் போன மாதம் எழுதியிருந்தேன். இப்போது மூன்று பளபளக்கின்றன!

பெயின்ட் ரிமூவரால் லாக்கரை முழுக்க எடுத்துவிட்டு, 240-இல் தொடங்கி 400, 800, 1200, 2000 உப்புத்தாள்களால் (எண் ஏற ஏறத் தாள் நைசாகும்) தண்ணீர் விட்டுத் தேய்த்தேன். ஒரு வீலில் 400-ஐ விட்டுவிட்டு நேராக 800-க்குப் போனேன். பாலிஷ் போட்டதும் 240-இன் கீறல்கள் அத்தனையும் வெயிலில் தெரிந்தன. திரும்ப முதலிலிருந்து. அடுத்த தாளைப் பழைய கீறலுக்குக் குறுக்காக ஓட்டுங்கள், மிச்சம் உடனே கண்ணில் படும். பாலிஷ் துணி கன்னங்கரேலென ஆனால் பயப்பட வேண்டாம், தேய்ந்து வரும் அலுமினியம்தான் அது.

அப்புறம், மறுபடி லாக்கர் அடிக்கவில்லை. மெழுகுதான். அடிக்கடி பூசணும், ஆனாலும் அந்த உலோக மினுக்கம் எனக்கு அவ்வளவு பிடித்திருக்கிறது.