மீனின் தலை எந்தப் பக்கம்?

மாசிக் கடைசியில் சேரன்மகாதேவிப் பக்கம், தாமிரபரணிக் கரையில் நடந்தது. சங்குவளை நாரை படமெடுக்கக் கிடைக்கும் என்றுதான் போனேன், வெயில் ஏறும்வரை ஒன்றுகூட இறங்கவில்லை. சரி, கிளம்பலாம் என்று பையைக் கட்டும்போது ஒரு கருப்பு வெள்ளை மீன்கொத்தி ஆற்றுக்கு நடுவே அந்தரத்தில் சிறகடித்தபடி நின்றது. குளிக்கிறவர்கள், துவைக்கிறவர்கள் யாரையும் அது சட்டை செய்யவில்லை. மற்ற மீன்கொத்திகள் பெரும்பாலும் கிளையில் உட்கார்ந்து குறிபார்க்கும், இது பறந்த இடத்திலேயே நின்று பார்க்கும் என்பதால் என்னைப் போன்ற அரைகுறைகளுக்கும் போகஸ் வைக்க நேரம் கிடைக்கும். ஆசையில் விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தேன்.

செங்குத்தாக விழுந்தது, மீனோடு எழுந்து பாறையில் உட்கார்ந்தது, அடி அடியென்று அடித்தது. விழுங்கப்போகிறது என்று பார்த்தால் மீனின் தலை வெளிப்பக்கம் இருக்கிறது! தான் தின்பதென்றால் தலையைத் தொண்டைப் பக்கம் திருப்பிக்கொள்ளும், இல்லாவிட்டால் செதிலும் துடுப்பும் சிக்கும். வெளியே நீட்டிப் பிடித்தால் அது வேறொரு வாய்க்கு. மார்பில் இரண்டு கருப்புப் பட்டை, ஆண்தான். எதிரே மணல்மேட்டில் தேடினால் ஒற்றைப் பட்டையோடு, அதுவும் நடுவில் அறுந்தது, பெண் உட்கார்ந்திருக்கிறது. கேமராவைத் திருப்பி அழுத்துகிறேன், அசையவில்லை. சுட்டுத் தள்ளியதில் பஃபர், அதாவது கேமராவின் தற்காலிக நினைவகம், நிரம்பிவிட்டது, படங்கள் கார்டில் ஏறிக்கொண்டிருக்கின்றன. கொடுத்ததையும் வாங்கியதையும் வெறுங்கண்ணால்தான் பார்த்தேன். அப்புறம் கிடைத்த ஒரே படத்தில் பெண்ணின் அலகும் மீனின் வால்நுனியும்.

பக்கத்தில் துண்டைப் பிழிந்துகொண்டிருந்த பெரியவர், "என்ன தம்பி, மக்கர் பண்ணுதோ?" என்றார்.

—

அண்ணே, உங்கள் மீன்கொத்திப் பதிவைப் படித்தேன், எனக்கு இதே கதை கர்நாடகத்து ரங்கன்திட்டில். 1940-ல் பறவையியலாளர் சலீம் அலி சொல்லிச் சரணாலயம் ஆக்கினார்களே, ஸ்ரீரங்கப்பட்டணம் பக்கத்துக் காவிரித் திட்டுகள், அங்கேதான். பங்குனியில் துடுப்புப் படகில் போனோம். ஆற்று ஆலா என்ற பறவை ஒன்று மொட்டைப் பாறையில் உட்கார்ந்திருந்தது, அதன் ஜோடிப் பறவை ஒரு மீனோடு வந்து இறங்கியது. ஷட்டர் வேகத்தை 1/2000 நொடியில் வைத்துத் தயாராகத்தான் இருந்தேன், ஆனால் பின்னால் இருந்த குடும்பம் மொத்தமும் "முதலை, முதலை" என்று ஒரே பக்கம் சாய்ந்ததில் படகு ஆடி, என் படத்தில் பாதிப் பாறையும் வானமும். முதலை வாயைப் பிளந்துகொண்டு அசையாமல் கிடந்தது. அதை மட்டும் பன்னிரண்டு படம் வைத்திருக்கிறேன், எல்லாம் ஒரே மாதிரி.