ஊசிக் குத்துக் காயங்கள் பதிவேட்டுக்கு வருவதே இல்லை: என்ன செய்வது?

கேள்வி: தர மேலாண்மை அலுவலர், தனியார் மருத்துவமனை

அனைவருக்கும் வணக்கம். மாவட்டத் தலைநகர் ஒன்றில் இயங்கும் நடுத்தர அளவிலான மருத்துவமனையில் தரக் கட்டுப்பாட்டுப் பொறுப்பில் இருக்கிறேன். மருத்துவமனைகளின் தரத்தை மதிப்பிடும் தேசிய வாரியமான என்.ஏ.பி.எச். தரும் சான்றிதழுக்காக நாங்கள் தொகுத்து வரும் குறியீடுகளில், பணியாளர்களுக்கு ஏற்படும் ஊசிக் குத்துக் காயங்களின் எண்ணிக்கையும் ஒன்று. எங்கள் பதிவேட்டில் அந்தக் கட்டத்தில் மாதந்தோறும் சுழியம்தான் நிற்கிறது. தரக் குழுக் கூட்டத்தில் அதைப் படித்ததும் நிர்வாகம் மகிழ்ச்சி அடைகிறது. அடுத்த பொருளுக்குச் சென்றுவிடுகிறோம்.

ஆனால் வார்டுகளில் செவிலியர்களோடு மனம் விட்டுப் பேசும்போது, ஊசி குத்தாதவர் என்று ஒருவரைக் காண்பதே அரிதாக இருக்கிறது. இரவுப் பணியில் இரத்தம் எடுக்கும்போது குத்தியது, பயன்படுத்திய ஊசிக்கு மூடி போடும்போது குத்தியது, தொற்றுக் கழிவு போடும் மஞ்சள் பையைத் தூக்கிய தூய்மைப் பணியாளரின் காலில் குத்தியது என்று பலவற்றைக் கேட்கிறேன். எவரும் எழுதிக் கொடுப்பதில்லை. வகுப்புகள் நடத்தினோம், சுவரொட்டிகள் ஒட்டினோம், மாற்றம் இல்லை. பணியாளரின் பாதுகாப்பில் கோட்டைவிட்டுவிட்டு நோயாளிக்குத் தரமான சேவை தருகிறோம் என்று சொல்லிக்கொள்ள எனக்கு மனம் ஒப்பவில்லை. இந்த நிலையை மாற்றியவர்கள் தங்கள் அனுபவத்தைப் பகிர்ந்தால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1: தொற்றுத் தடுப்புச் செவிலியர்

வணக்கம் ஐயா. முதலில், செவிலியர் ஏன் எழுதிக் கொடுப்பதில்லை என்பதைப் பார்க்க வேண்டும். பெரும்பாலான மருத்துவமனைகளில் காயம் நேர்ந்ததாகச் சொன்னவுடன் கேட்கப்படும் முதல் கேள்வி, ‘ஏன் கவனமாக இருக்கவில்லை’ என்பதுதான். அடுத்து விளக்கக் கடிதம் கேட்பார்கள். பயிற்சிக் காலத்தில் இருக்கும் இளம் செவிலியராக இருந்தால், பணி நிரந்தரமாவது இதனால் தடைபடுமோ என்ற அச்சமும் சேர்ந்துகொள்ளும். இந்தச் சூழலில் சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டு அடுத்த நோயாளியிடம் போய்விடுவதே அவருக்கு எளிய வழியாகப் படுகிறது. ஆகவே, படிவத்திலிருந்து ‘காயத்துக்குப் பொறுப்பானவர்’, ‘விளக்கம்’ போன்ற கட்டங்களை நீக்கிவிடுங்கள். எந்த இடம், எந்த நேரம், எந்தக் கருவி, என்ன வேலை செய்துகொண்டிருக்கும்போது என்ற நான்கும் போதும்.

இரண்டாவதாக, ஊசிக்கு மூடி போடக் கூடாது என்று எல்லா வகுப்பிலும் சொல்கிறோம். போடுபவர்களுக்கும் அது தெரியும். தெரிந்தும் ஏன் போடுகிறார்கள் என்றால், ஊசியைப் போட வேண்டிய வெள்ளைப் பெட்டி செவிலியர் மேசைக்கு அருகில் இருக்கிறது, நோயாளியின் கட்டிலோ வார்டின் மறுகோடியில் இருக்கிறது. திறந்த ஊசியைக் கையில் ஏந்தியபடி நோயாளிகளுக்கும் உடனிருப்போருக்கும் நடுவே நடந்து வருவதைவிட, மூடி போட்டுக்கொண்டு வருவதே பாதுகாப்பு என்று அவர் நினைக்கிறார். அந்த இடத்தில் நின்று பார்த்தால் அந்த எண்ணத்தில் நியாயம் இருப்பது தெரியும். எனவே ஊசியால் துளைக்க முடியாத அந்தப் பெட்டியையும் ஊசி வெட்டும் கருவியையும் ஊசி போடும் ட்ராலியிலேயே பொருத்தி, கட்டிலருகே கொண்டு செல்லச் செய்யுங்கள். பெட்டி முக்கால் பங்கு நிறைந்ததும் அதை மூடிவிட்டு வேறு பெட்டி வைக்க வேண்டும். நிரம்பி வழியும் பெட்டிக்குள் ஊசியை அழுத்தித் திணிக்கும்போது குத்துவதை நான் பல வார்டுகளில் பார்த்திருக்கிறேன். உடைத்த ஆம்பூல் (ஊசி மருந்துக் குப்பி) கண்ணாடியை ஊசிப் பெட்டியில் போடாமல் நீல நிறக் கொள்கலனில் போடச் செய்வதும் பெட்டி விரைவில் நிறையாமல் காக்கும்.

மறுமொழி 2: பொது மருத்துவர், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை

செவிலியர் அவர்கள் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். அதோடு, காயத்தைத் தெரிவிப்பதால் காயம்பட்டவருக்கு என்ன நன்மை என்பதையும் நாம் தெளிவாகச் சொல்ல வேண்டும். நோயுள்ளவரின் இரத்தம் படிந்த ஊசி குத்தினால் எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு ஏறத்தாழ ஆயிரத்தில் மூன்றுதான்; கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் சி நூற்றுக்கு இரண்டு அல்லது அதற்கும் குறைவான அளவில் இருக்கும். ஆனால் தடுப்பூசி போடாதவருக்கு, அதே போலக் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி தொற்றும் வாய்ப்பு நூற்றுக்கு 30 வரைகூடப் போகலாம். நம் பணியாளர்கள் எச்.ஐ.வி.யை நினைத்து நடுங்குகிறார்கள், ஆனால் தடுப்பூசியால் ஏறக்குறைய முழுவதும் தடுத்துவிடக்கூடிய ஹெபடைட்டிஸ் பி பற்றிக் கவலைப்படுவதே இல்லை. 0, 1, 6 மாதங்கள் என்ற கணக்கில் மூன்று தவணையும் முடித்து, அதன்பின் ஒன்று அல்லது இரண்டு மாதங்களில் இரத்தத்தில் எதிர்ப்பாற்றல் உருவாகிவிட்டதா என்று சோதித்த பணியாளர்கள் உங்கள் மருத்துவமனையில் எத்தனை பேர் என்பதை முதலில் கணக்கெடுங்கள். சுவரொட்டிக்குச் செலவழிப்பதைவிட அது பயன் தரும்.

காயம் பட்டவுடன் ஓடும் நீரில் சோப்பால் கழுவ வேண்டும். விரலைப் பிதுக்கி இரத்தத்தை வெளியேற்ற முயல்வதும், காயத்தில் பிளீச்சிங் கரைசல் ஊற்றுவதும் தவறு. எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் முதல் தவணையை இரண்டு மணி நேரத்துக்குள் கொடுப்பது சிறந்தது. 72 மணி நேரம் கடந்துவிட்டால் பயன் இல்லை. தொடங்கினால் 28 நாள் தொடர வேண்டும். ஆகவே இரவு இரண்டு மணிக்குக் குத்துப்பட்டவரிடம் ‘காலையில் கண்காணிப்பாளர் வந்ததும் சொல்’ என்பது மருத்துவக் கண்ணோட்டத்தில் ஏற்க முடியாதது. முதல் தவணை மருந்து அவசர சிகிச்சைப் பிரிவில் எந்நேரமும் இருக்க வேண்டும். பணியில் இருக்கும் மருத்துவரே, யாருடைய அனுமதிக்கும் காத்திராமல், அதைக் கொடுக்க எழுத்துமூலம் அதிகாரம் பெற்றிருக்க வேண்டும். அதேபோல, தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைட்டிஸ் பி உள்ள நோயாளியின் ஊசி குத்தியிருந்தால், இம்யூனோகுளோபுலின் (ஆயத்த எதிர்ப்பொருள்) ஊசியை 24 மணி நேரத்துக்குள் போடுவது நல்லது.

மறுமொழி 3: தூய்மைப் பணி மேற்பார்வையாளர், ஒப்பந்த நிறுவனம்

மருத்துவர் ஐயா சொன்ன எல்லாம் செவிலியருக்குக் கிடைத்துவிடும். எங்கள் பணியாளருக்குக் கிடைக்குமா என்பதே என் கேள்வி. ஊசியைப் பயன்படுத்துபவர்களுக்கு அது எந்த நோயாளியின் ஊசி என்பது தெரியும். மஞ்சள் பையில் பஞ்சோடு சேர்த்துப் போடப்பட்ட ஊசி எங்கள் பெண்களைக் குத்தும்போது, அது எந்தக் கட்டிலிலிருந்து வந்தது என்று சொல்ல எவரும் இருப்பதில்லை. காயத்தைச் சொன்னால் இரத்தப் பரிசோதனைக்கு யார் பணம் கட்டுவது என்று மருத்துவமனையும் ஒப்பந்த நிறுவனமும் ஒருவரை ஒருவர் காட்டும். அதற்குள் அன்றைய கூலியும் போய்விடும். நான் முன்பு மேற்பார்த்த ஒரு மருத்துவமனையில், குத்துப்பட்ட ஓர் அக்காவை மறுநாளிலிருந்து வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். அதைப் பார்த்த மற்றவர்கள் எப்படி வாயைத் திறப்பார்கள்?

2016ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள், கழிவைக் கையாளும் எல்லாருக்கும் ஹெபடைட்டிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி போடுவதையும், பணியில் சேரும்போதும் பிறகு ஆண்டுக்கு ஒரு முறையேனும் உடல் பரிசோதனை செய்வதையும் மருத்துவமனையின் கடமையாகவே வைத்திருக்கின்றன. ஒப்பந்தப் பணியாளர் என்பதால் அந்தக் கடமை நீங்கிவிடாது. தாங்கள் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது, காயம்பட்டவருக்கான பரிசோதனையும் மருந்தும் மருத்துவமனையின் செலவு என்றும், அந்த நாளின் கூலி பிடிக்கப்படாது என்றும் எழுத்தில் சேர்த்துவிடுங்கள். கையுறையிலும் கவனம் தேவை. நோயாளியைப் பரிசோதிக்கும் மெல்லிய கையுறையைத்தான் எங்களுக்கும் தருகிறார்கள். கழிவுப் பை தூக்குபவருக்குத் தடித்த கையுறையும் மூடிய காலணியும் வேண்டும்.

கேள்வி கேட்டவர்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. தூய்மைப் பணியாளர்களின் காயம் எங்கள் குறியீட்டுக் கணக்கிலேயே சேர்க்கப்படவில்லை என்பதை இன்று படிவத்தை எடுத்துப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். ட்ராலியில் பெட்டி பொருத்துவதற்கும் தடுப்பூசிக் கணக்கெடுப்புக்கும் நிர்வாகம் ஒப்புக்கொள்ளும் என்று நம்புகிறேன். ஒரு தயக்கம் மட்டும் உள்ளது. இவற்றையெல்லாம் செய்தால் பதிவேட்டில் காயங்களின் எண்ணிக்கை உயரும். சுழியத்துக்குப் பழகிவிட்ட நிர்வாகம் அதைத் தரம் குறைந்ததாகக் கருதினால் என்ன சொல்வது?

மறுமொழி 4: ஓய்வு பெற்ற நர்சிங் சூப்பரின்டென்டென்ட்

தம்பி, அந்த உயர்வு வரும் என்பதைத் திட்டம் தொடங்கும் முன்பே எழுத்தில் சொல்லிவிடுங்கள். முதல் சில மாதங்களில் எண்ணிக்கை ஏறினால் பணியாளர்கள் நம்பிப் பேசத் தொடங்கிவிட்டார்கள் என்று பொருள் என்றும், ஏறவில்லை என்றால் திட்டம் வேலை செய்யவில்லை என்றே கொள்ள வேண்டும் என்றும் முன்கூட்டியே கூட்டக் குறிப்பில் பதிவு செய்யுங்கள். எண்ணிக்கையோடு, காயம்பட்டவர்களில் எத்தனை பேர் இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவரைப் பார்த்தார்கள் என்ற கணக்கையும் சேர்த்துக் கொடுங்கள். நிர்வாகம் அந்த இரண்டாவது எண்ணைப் பார்த்து மகிழட்டும் அல்லது கவலைப்படட்டும்.

நீங்கள் எவரும் தொடாத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். காயங்கள் எந்த நேரத்தில் நேர்கின்றன என்று அட்டவணை போட்டுப் பார்த்தால், ஆள் குறைவாக இருக்கும் பணிவேளை உங்கள் கண்ணில் படும் என்று எதிர்பார்க்கிறேன். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து லிண்டா ஐக்கனும் அவருடைய குழுவினரும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செவிலியர் கவனிக்கும் நோயாளிகளின் எண்ணிக்கை ஒன்று கூடும்போது, அறுவை சிகிச்சை பெற்றவர்கள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடு கூடுவதாகக் கண்டார்கள். செவிலியரின் சோர்வும் அதனோடு சேர்ந்தே கூடியது. அவசரத்தில் தன் விரலில் குத்திக்கொள்ளும் அதே கைதான், இரத்த மாதிரி எடுத்த குப்பியில் பெயர்ச் சீட்டை மாற்றி ஒட்டுகிறது, மருந்தின் அளவைத் தவறாகக் கணக்கிடுகிறது. ட்ராலியையும் பெட்டியையும் நிர்வாகம் உடனே தந்துவிடும், அவற்றின் விலை குறைவு. இரவுப் பணிக்கு இன்னொரு செவிலியர் வேண்டும் என்று கேட்கும்போதுதான் பேச்சு கடினமாகும். அந்த அட்டவணை கையில் இருந்தால் அதைக் கேட்கலாம். ஆறு மாதப் பதிவுகளைத் தொகுத்து, பணிவேளை வாரியாகவும் வார்டு வாரியாகவும் பிரித்து, அதே காலத்தில் நேர்ந்த மருந்துப் பிழைகளையும் இரத்த மாதிரிகள் மாறிப்போன குழப்பங்களையும் பக்கத்தில் வைத்து எடுத்துச் செல்லுங்கள்.