விளக்கைப் போட்டால் ஆயில் பிரஷர் கேஜ் அரை பார் இறங்குகிறது: கோளாறு எஞ்சினிலா, வயரிங்கிலா?

கிள்ளான்வாசி:
அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 1996ஆம் ஆண்டு மாஸ்டா எம்எக்ஸ்-5. ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்ற பெயரில் ஓடி, ரீகண்ட் வண்டியாக (புதுப்பித்து இறக்குமதி செய்த பழைய வண்டி) மலேசியாவுக்கு வந்தது, எஞ்சின் 1.8 லிட்டர். டாஷ்போர்டில் கம்பெனியே வைத்திருக்கும் ஆயில் பிரஷர் முள்ளை நம்பிப் பயனில்லை. அதற்குப் பின்னால் இருப்பது வெறும் சுவிட்ச்தான் என்பதால், சிறிதளவு அழுத்தம் வந்ததும் முள் நடுவில் போய் நின்றுவிடுகிறது. ஐடிலிலும் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஓடும் வேகம்) அதே இடம், 6000 ஆர்பிஎம்மிலும் அதே இடம். செபாங் கார்ப் பந்தயத் தடத்தில் ஒருநாள் ஓட்டிப் பார்க்க விரும்புவதால், ஒரு பட்டறையில் 52 மி.மீ. எலெக்ட்ரானிக் கேஜ்கள் இரண்டைப் பொருத்தச் சொன்னேன். ஒன்று 0 முதல் 10 பார் (அழுத்த அலகு) வரை காட்டும் ஆயில் பிரஷர் கேஜ், சென்சாருக்கு மூன்று வயர். மற்றொன்று கூலண்ட் டெம்பரேச்சர் கேஜ், சென்சாருக்கு இரண்டு வயர்.

பகலில் எல்லாம் சரியாக இருக்கிறது. எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு ஐடிலில் 1.6 பார், 3000 ஆர்பிஎம்மில் 3.6 பார் காட்டுகிறது. இரவில் விளக்கைப் போட்ட அந்த நொடியிலேயே ஐடில் 1.1 பாருக்கும், 3000 ஆர்பிஎம் 3.2 பாருக்கும் இறங்கிவிடுகிறது. அணைத்தால் பழைய இடத்துக்கே திரும்புகிறது. பட்டறைக்காரர் ஆயில் பம்ப் தேய்ந்திருக்கும், எஞ்சினைத் திறக்க வேண்டும் என்கிறார். திறப்பதற்கு முன் உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

ஈப்போ டீசல்:
விளக்கைப் போட்டால் ஆல்டர்னேட்டரின் சுமை கூடி, ஐடில் சற்றுத் தாழும். ஐடில் தாழ்ந்தால் பம்ப்பின் வேகமும் குறைந்து, அழுத்தமும் இறங்கும். பழைய எஞ்சின்களில் இது இயல்புதான். முதலில் ஐடிலைச் சரிபாருங்கள்.

மின்கம்பி:
ஐடிலைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது நியாயம்தான், ஆனால் 3000 ஆர்பிஎம்மில் காலை அசைக்காமல் வைத்திருக்கும்போதும் இறங்குகிறதே, அதற்கு இந்த விளக்கம் பொருந்தாது. எஞ்சின் வேகமும் ஆயிலின் சூடும் மாறாதபோது, ஒரு சுவிட்சைத் தட்டியதால் மட்டும் ஆயில் அழுத்தம் மாறவே மாறாது. மாறுவது கேஜ் அதைப் படிக்கும் விதம். தயவுசெய்து எஞ்சினைத் திறக்க வேண்டாம்.

கிள்ளான்வாசி அவர்களிடம் நான்கு செய்திகள் வேண்டும். விளக்கைப் போடும்போது கூலண்ட் கேஜின் முள்ளும் அசைகிறதா? சுவிட்சின் முதல் நிலையில், அதாவது முகப்பு விளக்கு மேலே எழாமல் பார்க் விளக்கும் டாஷ்போர்டு விளக்கும் மட்டும் எரியும்போது, எவ்வளவு இறங்குகிறது? டாஷ்போர்டு ஒளியைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் குமிழைத் திருப்பினால் முள் என்ன செய்கிறது? பிரஷர் சென்சாரின் கறுப்பு வயர் எங்கே போகிறது?

கிள்ளான்வாசி:
உடனே பதிலளித்ததற்கு நன்றி ஐயா. கூலண்ட் முள் சிறிதும் அசையவில்லை. முழு இறக்கமும் முதல் நிலையிலேயே வந்துவிடுகிறது; அதன்பின் முகப்பு விளக்கு எரிந்தாலும் மேற்கொண்டு இறங்கவில்லை. டிம்மரைக் குறைக்கக் குறைக்க முள்ளும் கூடவே இறங்கியது, கடைசியில் இரண்டு கேஜ்களும் அணைந்து, மறுபடி தொடக்கத்திலிருந்து இயங்கின. பிரஷர் சென்சாரின் கறுப்பு வயர் எஞ்சின் பிளாக்கில் ஒரு போல்ட்டில் இறுக்கப்பட்டிருக்கிறது. கேஜ்களின் கறுப்பு வயர்கள் டாஷ்போர்டுக்குள் ஏற்கெனவே இருந்த ஒரு வயரோடு சேர்க்கப்பட்டிருக்கின்றன. முதல் நிலையில், குமிழ் முழு ஒளியில் இருக்கும்போது, அந்த இணைப்புக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் இடையே மல்டிமீட்டர் 0.24 வோல்ட் காட்டுகிறது.

மின்கம்பி:
அப்படியானால் ஐயத்துக்கே இடமில்லை. பல ஜப்பானிய வண்டிகளில் டிம்மர், டாஷ்போர்டு பல்புகளுக்குப் போகும் பாசிட்டிவ் பக்கத்தில் இல்லாமல் எர்த் (பேட்டரியின் நெகட்டிவ்) பக்கத்தில் இருக்கும். பட்டறைக்காரர் எர்த் என்று எண்ணி எடுத்த வயர், பல்புகளிலிருந்து டிம்மருக்குத் திரும்பும் வயர். விளக்கு அணைந்திருக்கும்போது அதில் கேஜ்களின் சிறு மின்னோட்டம் மட்டுமே போவதால் அது எர்த்தைப் போலவே நடந்துகொள்கிறது. பல்புகள் எரியத் தொடங்கியதும் அவற்றின் மின்னோட்டமும் டிம்மர் வழியாகவே போக வேண்டியிருப்பதால், அந்த வயரின் வோல்டேஜ் உயர்ந்துவிடுகிறது.

கணக்கும் ஒத்துவருகிறது. இவ்வகைச் சென்சார் 5 வோல்ட்டில் இயங்கி, 0 பாருக்கு 0.5 வோல்ட்டும் 10 பாருக்கு 4.5 வோல்ட்டும் தரும். அதாவது ஒரு பாருக்கு 0.4 வோல்ட். சென்சார் எஞ்சின் பிளாக்கைச் சுழியமாகக் கொண்டு பேசுகிறது, கேஜ் 0.24 வோல்ட் உயரத்தில் நின்று அதைப் படிக்கிறது. அதனால் ஐடிலில் ஏறக்குறைய அரை பார் காணாமல் போகும். கேஜ் தரும் 5 வோல்ட்டும் கூடவே சற்று உயர்வதால், அழுத்தம் அதிகமாக இருக்கும்போது இழப்பு கொஞ்சம் குறையும். உங்களுக்கு ஐடிலில் 0.5, 3000இல் 0.4 வருவது அதனால்தான். கூலண்ட் சென்சாரின் இரண்டு வயர்களும் அதன் கேஜுக்கே திரும்புவதால் அது ஏமாறவில்லை.

செய்ய வேண்டியது இதுதான். பிரஷர் சென்சாரின் கறுப்பு வயரை எஞ்சினிலிருந்து கழற்றி, நேராகக் கேஜ் வரை கொண்டுவாருங்கள். இரண்டு கேஜ்களின் எர்த்தையும் டாஷ்போர்டுக்குக் கீழே பெயிண்ட் சுரண்டிய சுத்தமான பாடி உலோகத்தில் ஒரே போல்ட்டில் சேருங்கள். இந்த வண்டிக்கு பேட்டரி டிக்கியில் இருக்கிறது என்பதால் அதுவரை வயர் இழுக்க வேண்டியதில்லை. பாடியிலிருந்து எஞ்சினுக்குப் போகும் எர்த் பட்டை துருவில்லாமல் இருந்தால் போதும். டிம்மருக்குப் போகும் அந்த வயரைக் கேஜின் எந்த இணைப்புக்கும் பயன்படுத்தாதீர்கள்.

பழைய பட்டறை:
வயரிங் பற்றி மேலே சொன்னதை அப்படியே ஏற்கிறேன். வண்டிக்கு அடியில் படுக்கும்போது சென்சார் ஏறியிருக்கும் இடத்தையும் பாருங்கள், அது எனக்குக் கவலை தருகிறது. இந்த எஞ்சினில் ஆயில் பிரஷர் துளையின் மரை 1/8 பிஎஸ்பிடி (பிரிட்டிஷ் அளவுக் கூம்பு மரை). கடைகளில் கிடைக்கும் சென்சார்களில் பல 1/8 என்பிடி (அமெரிக்க அளவுக் கூம்பு மரை). முதலாவதில் ஓர் அங்குலத்துக்கு 28 மரை, இரண்டாவதில் 27. இரண்டு மூன்று சுற்று தடையின்றி ஏறும், பிறகு இறுகும், பலரும் அதைச் சரியான பொருத்தம் என்று எண்ணிவிடுவார்கள். உள்ளே மரை கெட்டுப்போய், சூடான ஆயில் சொட்டத் தொடங்கும். இன்னொன்று, பித்தளை டீயின் (மூன்று வழி இணைப்பு) நுனியில் கனமான சென்சாரைத் தொங்கவிட்டால் எஞ்சினின் அதிர்வில் டீ முறியும். உரிய அடாப்டரோடு ஒரு குட்டைப் பின்னல் ஹோஸ் போட்டு, சென்சாரைப் பாடியில் கிளிப் வைத்து நிறுத்துங்கள். பழைய சுவிட்சையும் டீயில் விட்டுவைத்தால் கம்பெனி முள்ளும் வேலை செய்யும்.

கிள்ளான்வாசி:
இரண்டையும் செய்து முடித்தேன். விளக்கு, ஃபேன், வைப்பர் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டாலும், டிம்மரை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஐடிலில் 1.6 பார் அசையாமல் நிற்கிறது. பழைய இணைப்பு என்பிடிதான். அடியில் ஆயில் கசிவு தொடங்கியிருந்தது, நல்லவேளையாகத் துளையின் மரை தப்பியது. ஒரே ஒரு சந்தேகம் மிச்சமிருக்கிறது. இந்தக் கேஜில் எச்சரிக்கை அளவை ஒன்றுதான் வைக்க முடியும். செபாங்குக்கு எவ்வளவு வைப்பது?

பழைய பட்டறை:
ஐடிலில் வீணாக ஒலிக்காத அளவுக்கு 1 பார் வையுங்கள். ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். 6000 ஆர்பிஎம்மில் 1.5 பார் இருந்தால் பேரிங் போய்விடும், கேஜோ வாய் திறக்காது. நீண்ட வளைவுகளில் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கும்போதுதான் அப்படி நடக்கும் என்பதால், வளைவை விட்டு வெளியே வரும்போது முள்ளை ஒருமுறை பாருங்கள். இறங்கி ஏறுவது தெரிந்தால் அந்தச் சுற்றோடு நிறுத்தி, ஆயில் அளவைக் குச்சியில் பார்த்த பிறகே மறுபடி தடத்தில் இறங்குங்கள்.