26 தடவையில் புத்தகம் கிழியுமா?

பழைய நூலகர் (அஸ்தம்பட்டி): நேத்து இந்தக் குழுவுல ஒரு தம்பி எழுதியிருக்கார்: "சேலத்து நூலகங்கள் அச்சுப் புத்தகம் வாங்குறதை நிறுத்திட்டு மின்னூல் வாங்கட்டும். ஒரு தடவை வாங்கினா காலத்துக்கும் இருக்கும், செலவு மிச்சம்." படிச்சதுலேர்ந்து எரிச்சல் அடங்கலை. காலத்துக்குமா? அமெரிக்காவுல ஹார்ப்பர்காலின்ஸ் பதிப்பகம் 2011ல என்ன பண்ணுச்சு? நூலகம் காசு கொடுத்து வாங்கின மின்னூல், 26 தடவை இரவல் போனதும் மறைஞ்சிடும். வேணும்னா மறுபடி காசு. இன்னொரு பதிப்பகம், பென்குயின் ரேண்டம் ஹவுஸ், 2018 அக்டோபர்ல அந்த ஊர் நூலகங்களுக்கு ரெண்டு வருஷ உரிமம்தான்னு மாத்திடுச்சு. சொத்துவரியோட நாம கட்டுற நூலக வரியை இப்படி வாடகையா அழணுமா?

அம்மாபேட்டை மின்னூலன்: அந்தத் தம்பி நான்தாங்க. பேர் சொல்லியே திட்டலாம். 26ன்னு சும்மா வைக்கலை சார். ஒரு இரவல் ரெண்டு வாரம்னா 26 இரவல் ஒரு முழு வருஷம். அச்சுப் புத்தகம் ஒரு வருஷம் ஓயாம கைமாறினா என்ன கதி ஆகும்? நம்ம ஊர் பேப்பர்பேக் 26 தாங்குமா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க.

பழைய நூலகர்: தாங்கும். புத்தகத்தோட கடைசிப் பக்கத்துல தேதிச் சீட்டு ஒட்டியிருப்போம், பார்த்திருக்கீங்களா? அதுல இரவலுக்கு ஒண்ணா குத்தின முத்திரையை எண்ணிப் பாருங்க. ஒரு சீட்டு நிறைஞ்சு, அது மேலயே இன்னொரு சீட்டு ஒட்டின புத்தகமெல்லாம் என் கையால கொடுத்திருக்கேன். 26 எல்லாம் பால்குடி.

ஃபேர்லேண்ட்ஸ் வாசகி: ஒரு நிமிஷம். எதை "விலை"ன்னு சொல்றோம்? அச்சுப் புத்தகம் வாங்கினா அது நூலகத்தோட சொத்து. மின்னூல்ல கிடைக்கிறது வெறும் உரிமம், அதுவும் ஒரு நேரத்துல ஒரே ஆள்தான் படிக்கலாம். ரெண்டையும் ஒரே தராசுல வைக்கிறது சரியா?

அம்மாபேட்டை மின்னூலன்: அதை அப்புறம் பேசலாம் மேடம். சார் சொன்ன அந்தச் சீட்டுப் புத்தகங்கள் எந்தக் காலத்துது? அப்போ தைச்சாங்க. இப்போ வர்றது எல்லாம் பசை. நாலு பேர் விரிச்சா நடுவுல ரெண்டா பிளக்குது. 26 தாங்காது.

குகை அச்சகம்: வந்துட்டாங்கய்யா. பசைன்னா எதுக்கு எல்லாரும் என்னையே பார்க்குறீங்க? பாரத்துக்கு (ஒரு தாள்ல அச்சாகி மடிக்கிற பக்கக் கட்டுக்கு) இவ்வளவுன்னு விலை கட்டி நூலக ஆணை கொடுத்தா, அந்த விலையில செக்‌ஷன் தையல் போட்டு, அதாவது கட்டுக் கட்டா நூலால தைச்சு, காலிகோ துணி பைண்டிங் பண்ணித் தர முடியுமா? மேப்லித்தோ பேப்பர் விலை தெரியுமா உங்களுக்கு? நான் பண்ற பெர்ஃபெக்ட் பைண்டிங், அதான் நீங்க சொல்ற பசை பைண்டிங், 26 என்ன, 50 தாங்கும். வாசகர் முதுகை மடக்கிப் பிடிச்சுப் படிச்சா அச்சகம் என்ன செய்யும்?

பழைய நூலகர்: உங்க 50ஐ நான் பார்த்திருக்கேன். போன புத்தகத் திருவிழாவுல உங்க கடையில ஒண்ணைத் திறந்தேன், தினசரிக் காலண்டர் மாதிரி தாள் கையோட வந்துச்சு.

குகை அச்சகம்: அதை எத்தனை விவாதத்துலதான் சொல்லுவீங்க சார்? அன்னைக்கே வேற பிரதி கொடுத்தேனே, அதைச் சொல்ல மாட்டீங்க.

ஏற்காடு காப்பிக்கொட்டை: கீழ இருக்கிற ஆளுங்களுக்குப் பசை பிரச்சினை. இங்க மழைக்காலத்துல புத்தகம் அலமாரியில சும்மா இருந்தாலே பூஞ்சை பிடிச்சிடுது. 26 பேர் தொடவே வேண்டாம். எனக்கு மின்னூல்தான் சரிப்படும். ஒண்டிக்கடையில சிக்னல் கிடைக்கும்போது இறக்கிக்கிட்டா எஸ்டேட்டுக்குப் போயி நிம்மதியா படிக்கலாம்.

பழைய நூலகர்: இறக்கின மின்னூல் இரவல் நாள் முடிஞ்சதும் தானாப் பூட்டிக்கும். பூஞ்சை பிடிச்ச புத்தகத்தை வெயில்ல காய வைக்கலாம். பூட்டினதைக் காய வச்சுத் திறப்பீங்களா?

ஏற்காடு காப்பிக்கொட்டை: எந்த வெயில் சார்? ஆடி மாசம் ஒருக்கா 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்து பாருங்க.

அம்மாபேட்டை மின்னூலன்: 😂 சார், பேச்சை மாத்தாதீங்க. 26 தாங்குமா தாங்காதா?

பழைய நூலகர்: தாங்கும்னு எத்தனை தடவை சொல்றது! ஹார்ப்பர்காலின்ஸ் அறிவிச்ச அதே வருஷம் ஓக்லஹோமா நூலகர்கள் வீடியோவே போட்டாங்க. அந்தப் பதிப்பகத்தோட சொந்தப் புத்தகங்களையே எடுத்து வச்சு, இது 26ஐ எப்பவோ தாண்டிடுச்சு, இன்னும் ஒழுங்கா இருக்குன்னு காட்டினாங்க. இன்னொண்ணும் கேளுங்க. 2019 நவம்பர்ல மேக்மில்லன் பதிப்பகம், புதுசா வர்ற நூலுக்கு முதல் எட்டு வாரம் ஒரு நூலக அமைப்புக்கு ஒரே ஒரு மின்பிரதின்னு சொல்லுச்சு. நகரம் எவ்வளவு பெருசா இருந்தாலும் ஒண்ணுதான். நூலகங்கள் வாங்க மாட்டோம்னு திமிறினதும் 2020 மார்ச்ல கைவிட்டாங்க. மேரிலாண்ட் மாநிலம், நியாயமான விலைக்குக் கொடுன்னு 2021ல சட்டமே போட்டுச்சு. அடுத்த வருஷமே நீதிமன்றத்துல அடிபட்டுப் போச்சு. சட்டத்தாலயே அசைக்க முடியாத ஆளுங்க கையில நம்ம நூலகத்தைக் கொடுக்கச் சொல்றீங்க. இங்க 1948லயே நூலகச் சட்டம் போட்டு, அதுல வரியும் வச்சு…

குகை அச்சகம்: ஆரம்பிச்சிட்டாரு 1948. அடுத்து ரங்கநாதன் வருவார் பாருங்க.

பழைய நூலகர்: வருவார்தான். சீர்காழியில பிறந்த நூலக அறிஞர், 1931லயே நூலகத்துக்கு ஐந்து விதி எழுதி வச்சார். முதல் விதியே புத்தகம் பயன்பாட்டுக்குன்னுதான். 26க்கு மேல பயன்படாதுன்னு எங்கயாவது இருக்கா?

அம்மாபேட்டை மின்னூலன்: அமெரிக்காக்காரன் அடிச்ச கொள்ளைக்கு நான் என்ன பண்ணுவேன்? நான் சொன்னது தமிழ் நூல். தமிழ் இணையக் கல்விக்கழகத்தோட மின்னூலகத்துல எவ்வளவு நூல் இலவசமா இருக்கு! அரசு உரிமையை வாங்கி நாட்டுடைமை ஆக்கினதெல்லாம் யாரு வேணா போடலாம். தமிழ் நூல்களை இலவசமா இணையத்துல ஏத்துற மதுரைத் திட்டம் 1998லேர்ந்து நடக்குது. எதுலயும் 26 கிடையாது.

ஃபேர்லேண்ட்ஸ் வாசகி: இலவசமா கிடைக்கிறது பழசு தம்பி. ஆசிரியர் காலமாகி 60 வருஷம் ஆகணும், இல்லேன்னா நாட்டுடைமை ஆகணும். இந்த வருஷம் வந்த நாவலை நூலகம் எப்படி வாங்கும்? கிண்டில்ல விக்கிறது தனி ஆளுக்கு. நூலகம் வாங்கி நாலு பேருக்குச் சுத்த விட முடியாது. வரியும் பாருங்க, அச்சுப் புத்தகத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. மின்னூலுக்கு 2018ல குறைச்சப்பவும், அச்சுல வந்த நூல்னாதான் 5 சதவீதம்னாங்க. இதுக்கு யாருமே பதில் சொல்ல மாட்டேங்கிறீங்க.

அம்மாபேட்டை மின்னூலன்: சொல்றேன் மேடம். ஆனா மொதல்ல சார் 26ஐ நிரூபிக்கட்டும்.

பழைய நூலகர்: நான் ஏன் நிரூபிக்கணும்? தாங்காதுன்னு சொன்னது நீங்க.

குகை அச்சகம்: நானும் தாங்கும்னுதான் சொன்னேன், யாரும் கவனிக்கலை.

பழைய நூலகர்: நீங்க தாங்கும்னு சொல்றதுதான் எனக்கே சந்தேகத்தைக் கிளப்புது.

குகை அச்சகம்: இதுக்குத்தான் சார் நான் இந்தக் குழுவுக்கே வர்றதில்லை. ஓய்வு வாங்கியும் கவுன்ட்டர்ல உட்கார்ந்திருக்கிற நினைப்பு போகலை உங்களுக்கு.

ஏற்காடு காப்பிக்கொட்டை: மலையில நூலகத்துக்கு மொதல்ல ஒரு ஈரம் உறிஞ்சுற மெஷின் வாங்கிக் கொடுங்கப்பா. அச்சோ மின்னூலோ அப்புறம் பார்க்கலாம்.

அம்மாபேட்டை மின்னூலன்: சார், தேதிச் சீட்டோட ஒரு ஃபோட்டோ போடுங்க. 2015க்கு அப்புறம் அச்சான புத்தகம், பசை பைண்டிங், 26 முத்திரை. அது போதும்.

பழைய நூலகர்: போடுறேன். மீள்பைண்டிங் பண்ணினது கணக்குல சேருமா?

அம்மாபேட்டை மின்னூலன்: சேராது!

பழைய நூலகர்: ஏன் சேராது? பைண்டிங் பிரிஞ்சா மறுபடி தைக்கிறது நூலகத்தோட வேலை. அந்த உரிமையே மின்னூல்ல இல்லைங்கிறதைத்தான் காலையிலேர்ந்து கத்திக்கிட்டிருக்கேன்.

குகை அச்சகம்: தைக்கக் கொடுக்கிறது யார்கிட்ட? எங்ககிட்டதானே. அப்போ மட்டும் பல்லைக் காட்டுவீங்க.