ரீஸ்டார்ட் வேண்டுமா, வேண்டாமா?

முனையம்: "அப்டேட் என்றால் விண்டோஸ்தான் எளிது, லினக்ஸுக்குக் கட்டளை மனப்பாடம் செய்யணும்" என்று நேற்று யாரோ எழுதிவிட்டுப் போயிருக்கிறார். படித்ததிலிருந்து எரிச்சல். டெபியன் என்ற லினக்ஸ் வகையில் 'ஆப்ட் அப்டேட்', 'ஆப்ட் அப்கிரேட்' என்று இரண்டே வரிக் கட்டளை. பிரவுசர் முதல் ஆபீஸ் வரை ஒரே வீச்சில் ஏறிவிடும். ரீஸ்டார்ட்டே கிடையாது.

சன்னல்காரன்: அந்த "யாரோ" நான்தான். ரீஸ்டார்ட்டே கிடையாதா? சிஸ்டத்தின் மையமான கெர்னல் மாறினால்?

முனையம்: கெர்னல் வேறு கதை. ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் கோப்பையே லினக்ஸில் மாற்றிவிடலாம். அந்த நிரலை மூடும்வரை பழையது ஓரமாகக் கிடக்கும். விண்டோஸ் திறந்த கோப்பைப் பூட்டி வைக்கிறது. அதனால்தான் நீங்கள் சுழலும் வட்டத்தை வேடிக்கை பார்க்கிறீர்கள்.

சன்னல்காரன்: அப்படியானால் பாதுகாப்பு ஓட்டையுள்ள பழைய லைப்ரரி (நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் கோப்பு) நினைவகத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். பூனை கண்ணை மூடிக்கொண்ட கதை! கெர்னல் அப்டேட் ஆனால் இன்னொரு லினக்ஸ் வகையான உபுண்டுவே 'ரீபூட்-ரிக்வயர்டு' (ரீஸ்டார்ட் தேவை) என்று ஒரு கோப்பை எழுதி வைக்கிறது. பார்த்ததுண்டா?

முனையம்: மற்றதற்கெல்லாம் பின்னணியில் ஓடும் அந்தந்த சர்வீஸை மட்டும் ரீஸ்டார்ட் செய்தால் போதும்.

சன்னல்காரன்: ஆக, ரீஸ்டார்ட் உண்டு.

கடிப்பழம்: மேக்கில் பொத்தானை அழுத்திவிட்டுத் தூங்கப் போகலாம். இதற்கா இத்தனை சண்டை?

முனையம்: 2020-இல் வந்த மேக்ஓஎஸ் பிக் சர் பதிப்பு முதல் உங்கள் சிஸ்டம் பகுதிக்கே சீல் வைத்துவிட்டார்கள். சின்னத் திருத்தம் என்றாலும் பெரும்பாலும் ரீஸ்டார்ட்தான். தூங்குங்கள்.

சன்னல்காரன்: விண்டோஸில் ஆக்டிவ் அவர்ஸை, அதாவது நாம் வேலை செய்யும் நேரத்தை, 18 மணி நேரம் வரை வைக்கலாம். அதற்குள் தானாக ரீஸ்டார்ட் ஆகாது.

முனையம்: என் கணினியிடம் நான் அனுமதி கேட்கணுமா? 2018 அக்டோபர் அப்டேட்டில் சிலருடைய கோப்புகளே அழிந்து, மைக்ரோசாஃப்ட் விநியோகத்தை நிறுத்தி வைத்ததே, மறந்துவிட்டதா?

சன்னல்காரன்: பேச்சு ரீஸ்டார்ட்டைப் பற்றி. பிரிண்டர் பற்றிய விவாத இழையிலும் இப்படித்தான் நழுவினீர்கள்.

முனையம்: அங்கே நான் சொன்னதுதான் சரி. டிரைவரைப் பற்றி நீங்கள் கடைசிவரை பதில் சொல்லவில்லை.

ஓரத்திண்ணை: ஃபெடோரா என்ற லினக்ஸ் வகையில், பொத்தானை அழுத்தி அப்டேட் செய்யும் க்னோம் சாஃப்ட்வேர் வழியாகப் போனாலும் ரீஸ்டார்ட் கேட்கிறது. அது சரி, "எளிது" என்று எதைச் சொல்கிறீர்கள்?

முனையம்: ஃபெடோராவின் டிஎன்எஃப் கட்டளை எதற்கு இருக்கிறது? கட்டளை எழுதும் டெர்மினலைத் திறங்கள்.

சன்னல்காரன்: மறுபடியும் டெர்மினல்! நேற்று நான் எழுதியதும் இதைத்தானே.

முனையம்: என் மெஷின் 112 நாளாக நிற்காமல் ஓடுகிறது. இதற்கு மேல் என்ன வேண்டும்?

சன்னல்காரன்: 112 நாள் பழைய கெர்னலோடு. வாழ்த்துகள்.

முனையம்: ரீஸ்டார்ட் இல்லாமலே கெர்னலைத் திருத்த லைவ்பேட்ச் என்று ஒன்று இருக்கிறது, ஐயா.

சன்னல்காரன்: டெபியனிலா?

முனையம்: பிரிண்டர் இழைக்கு வாருங்கள். முதலில் அதை முடிப்போம்.